ஸ்க்ரோல் லாக் எரிந்தால் 120 கிலோ கூடும்: ஓடும் எடைப் புரோகிராமுக்குள் புகுந்த கோட், ஒரு நிகழ்வு ஆய்வு

வாழப்பாடியைத் தாண்டி ஆத்தூர் போகும் சாலையோரம் ஒரு பொது எடை மேடை. 40 டன் வரை தாங்கும். 5 கிலோவுக்கு ஒரு படியாக எடை காட்டும். சீசனில் அதில் ஏறி இறங்குவது பெரும்பாலும் குச்சிக்கிழங்கு லோடுதான். லோடோடு ஒரு எடை, சேகோ பேக்டரியில் கொட்டிவிட்டு வந்து காலி வண்டிக்கு ஒரு எடை, இரண்டையும் கழித்தால் கிழங்கு. அந்த எடையையும் மாவுச்சத்துப் பாயிண்டையும் வைத்துப் பேக்டரி பணம் தருகிறது. பாயிண்டில் தகராறு வருவது வழக்கம். எடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் சீட்டு கையில் இருக்கிறதே!

வாய் திறக்க வைத்தது ஒரு மறு எடை. சந்தேகத்தின் பேரில் பேக்டரி ஒன்று சில லோடுகளை வேறு மேடையில் ஏற்றிப் பார்த்தது. சில வண்டிகளில் சரியாக 120 கிலோ குறைந்தது. மற்ற வண்டிகளில் ஒரு கிலோகூட மாறவில்லை. ஒரே வண்டி ஒரு நாள் சரியாக வந்தது, மறுநாள் 120 தப்பியது. டன் 8,000 ரூபாய் என்று வைத்தால் லோடுக்கு 960 ரூபாய். ஒரு நாளுக்கு நாலைந்து வண்டி என்றால் கணக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்ணே முதல் துப்பு. எடையை மின் சிக்னலாக மாற்றும் லோடு செல் பழுதானால் பிழை எடையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். மேடைக்கடியில் கல்லோ சேறோ அடைத்துக்கொண்டால் எல்லா வண்டிக்கும் தப்பும். 9 டன் டிராக்டருக்கும் 24 டன் லாரிக்கும் ஒரே 120 வருவதும், அதுவும் வேண்டும்போது மட்டும் வருவதும் இரும்பின் குணம் அல்ல.

மேடையா, கேபிளா, கம்ப்யூட்டரா

மேடையின் இண்டிகேட்டர், அதாவது எடை காட்டும் பெட்டி, முத்திரையிடப்பட்டது. முத்திரை அப்படியே இருந்தது. அதிலிருந்து சீரியல் கேபிள் வழியாக 2400 பாட் வேகத்தில் எடை கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒவ்வொரு எடையும் 8 பைட்: தொடக்கத்துக்கு 02, ஆறு இலக்கம், முடிவுக்கு 03. சரிபார்ப்புத் தொகை எதுவும் இல்லை. பழைய இண்டிகேட்டர் பலவற்றின் வழக்கம் இப்படித்தான்.

கேபிளின் அனுப்பும் கம்பியிலிருந்தும் கிரவுண்டிலிருந்தும் கிளை எடுத்து இரண்டாவது லேப்டாப்பின் வாங்கும் கம்பியில் கொடுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் கேட்பது மட்டும்தான், அனுப்புவது இல்லை என்பதால் சிக்னல் மோதாது. மூன்று நாள் அப்படியே விடப்பட்டது. ஒரு வண்டியின் பதிவை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். இண்டிகேட்டரில் 23,865. கிளையில் விழுந்த இலக்கங்கள் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 30 32 33 38 36 35, அதாவது 023865. எடைப் புரோகிராமின் திரையிலும் சீட்டிலும் 23,985. ஹெக்ஸில் 30 32 33 39 38 35. ஆறில் இரண்டே பைட் மாறியிருக்கிறது. 120 என்பது ஐந்தால் வகுபடும் எண் என்பதால் 5 கிலோ படிக்கும் அது இடிக்கவில்லை. மாற்றியவருக்கு மேடை தெரிந்திருக்கிறது.

மூன்று நாளில் தப்பிய எடை எல்லாமே லோடு எடை. காலி வண்டி எடை ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் கூட்டினால் கழிக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும் அல்லவா.

சீட்டில் மட்டும் தப்பியிருந்தால் டேட்டாபேஸைச் சந்தேகிக்கலாம். திரையில் ஓடும் எடையே தப்பாக இருந்ததால் மாற்றம் அதற்கு முன்னாலேயே, போர்ட்டுக்கும் திரைக்கும் நடுவில் நடக்கிறது. டிஸ்க்கில் இருக்கும் புரோகிராம் ஃபைலின் எஸ்எச்ஏ-256 மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்ற எண்), தயாரித்தவரிடம் இருந்த மூலப் பிரதியோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. ஆன்டிவைரஸ் மௌனம். ஃபைல் சுத்தம், ஓட்டம் அசுத்தம் என்றால் மிச்சம் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் மெமரி.

பட்டா யார் பேரில்?

ஓடும் புரோகிராம் தனக்குள் புகுந்த கோட் எங்கே என்று தேடும்போது பலரும் செய்யும் தப்பு, கெட்ட கோட் எப்படி இருக்கும் என்று யோசிப்பது. அதற்கு ஆயிரம் முகம். கேட்க வேண்டியது வேறு: இயங்கும் உரிமை உள்ள ஒவ்வொரு மெமரிப் பக்கத்துக்கும் பட்டா யார் பேரில் இருக்கிறது? டிஸ்க்கில் உள்ள எந்த ஃபைலிலிருந்து அது வந்தது? வந்தது வந்தபடியே இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத பக்கம் இருந்தால் அதுதான் புறம்போக்கில் குடியேறியது.

இந்தப் பட்டாப் பதிவேட்டை விண்டோஸே வைத்திருக்கிறது. விர்ச்சுவல்குவெரி என்ற ஃபங்ஷனுக்கு ஒரு முகவரி கொடுத்தால் 28 பைட் அமைப்பு ஒன்றை நிரப்பித் தரும் (32 பிட் புரோகிராமில்). அதில் பகுதியின் தொடக்கம், முதலில் ஒதுக்கியபோதிருந்த தொடக்கம், நீளம், நிலை, இப்போதைய உரிமை, வகை எல்லாம் இருக்கும். பூஜ்யத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாதாரண 32 பிட் புரோகிராமுக்கு 2 ஜிபியில் முடிந்துவிடும். ஃபங்ஷன் 0 திருப்பித் தந்தால் எல்லை வந்தாயிற்று.

பார்க்க வேண்டிய எண்கள் சில. எல்லாம் ஹெக்ஸ். நிலை 1000 என்றால் உண்மையில் மெமரி கொடுக்கப்பட்ட பகுதி, மற்றதை விட்டுவிடலாம். உரிமை 10, 20, 40, 80 இந்த நான்கில் எதுவானாலும் அது இயங்கக்கூடியது. 40 என்பது படிக்க, எழுத, இயக்க மூன்றும். வகை 1000000 என்றால் இஎக்ஸ்இ (புரோகிராமின் முதன்மை ஃபைல்) அல்லது டிஎல்எல் (புரோகிராம் துணைக்கு ஏற்றிக்கொள்ளும் கோட் ஃபைல்) ஒன்றிலிருந்து முறைப்படி வந்தது. 40000 மேப் செய்தது. 20000 தனியார், அதாவது பின்னால் எந்த ஃபைலும் இல்லாதது. இயங்கக்கூடியது, ஆனால் வகை 1000000 இல்லை. இப்படி ஒரு பகுதி கிடைத்தால் விசாரிக்க வேண்டும்.

40-ஐ மட்டும் தேடும் கோட் பல இடங்களில் புழங்குகிறது. அது போதாது. எழுதும்போது 04 என்று வைத்து, எழுதி முடித்ததும் 20-க்கு மாற்றிக்கொள்வது புகுபவர்களுக்குப் பால்குடி வித்தை. நான்கையும் தேட வேண்டும்.

இரண்டு தனியார் பகுதி

எடைப் புரோகிராம் டெல்ஃபி 7 என்ற பழைய புரோகிராமிங் கருவியில் எழுதியது. 64 பிட் விண்டோஸ் 10-இல் 32 பிட்டாக ஓடுகிறது. வெளியிலிருந்து விஎம்மேப் கருவியாலும், சின்ன ஸ்கேன் புரோகிராம் ஒன்றாலும் பார்த்தபோது தனியார் வகையில் இயங்கும் உரிமையோடு இரண்டு பகுதிகள் தெரிந்தன. ஒன்று 4,096 பைட், மற்றது 28,672 பைட். இரண்டுக்கும் உரிமை 40.

முதல் பகுதியைப் பார்த்ததும் “பிடித்துவிட்டோம்” என்று கத்துவது எளிது. அது நிரபராதி. டெல்ஃபியோடு வரும் விசிஎல் என்ற கோட் தொகுப்பு, விண்டோக்களின் செய்திகளை ஆப்ஜெக்ட்டுகளுக்குத் திருப்பிவிட மேக்ஆப்ஜெக்ட்இன்ஸ்டன்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாகத் தானே ஒரு பக்கம் ஒதுக்கி அதில் கோட் எழுதிக்கொள்கிறது. ஒதுக்கும்போதே உரிமை 40 கேட்கிறது. எந்த டெல்ஃபி விண்டோ புரோகிராமைத் திறந்தாலும் இப்படி ஒரு பக்கமாவது இருக்கும். ஆனால் அளவு 4,096 என்பதற்காக மட்டும் விட்டுவிடக் கூடாது, அங்க அடையாளம் பார்க்க வேண்டும். முதல் 4 பைட் அடுத்த பக்கத்தின் முகவரி. முதல் பக்கமானால் பூஜ்யம். அடுத்து 59, இ9 என்ற இரண்டு பைட். அதன் பிறகு 4 பைட் தாவும் தூரம். அது இஎக்ஸ்இக்குள் இருக்கும் ஸ்டாண்டர்ட் விண்டோ ஃபங்ஷனில் போய் இறங்க வேண்டும். 10-ஆவது பைட்டிலிருந்து 13 பைட் வீதம் 314 கட்டங்கள், ஒவ்வொன்றும் இ8-இல் தொடங்கும், ஒவ்வொன்றும் பக்கத்தின் 4-ஆவது பைட்டுக்கே தாவும். 10-உம் 314 தரம் 13-உம் சேர்ந்து 4,092. கடைசி 4 பைட் சும்மா கிடக்கும். இங்கே இருந்த பக்கம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தியது. உபயோகத்தில் உள்ள கட்டங்களில் இருக்கும் மெதட் முகவரிகளையும் ஒரு முறை ஓட்டி, எல்லாம் இஎக்ஸ்இக்குள்தான் போகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. எழுதும் உரிமை திறந்தே கிடக்கும் பக்கம் அது. ஒரு முகவரியை மட்டும் மாற்றிவிட்டுப் போனாலும் போவார்கள்.

டாட்நெட் புரோகிராமாக இருந்திருந்தால் வேலை இதைவிடக் கடினம். ஓடும்போதே இயந்திரக் கோட் தயாரிக்கும் ஜிட் கம்பைலர் ஓட ஓடத் தனியார் மெமரியில் கோட் எழுதிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து பகுதிகள் நியாயமாகவே இருக்கும். அந்த வகையில் பழைய டெல்ஃபி கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது பகுதி 00760000-இல் தொடங்கியது. சரியாக ஏழு பக்கம். டிஎல்எல்லின் தலையில் இருக்க வேண்டிய எம்இசட் எழுத்துகள் இல்லை, முதல் பக்கம் முழுக்கப் பூஜ்யம். இரண்டாவது பக்கத்திலிருந்து நன்றாகக் கம்பைல் ஆன கோட். டிஎல்எல் ஒன்றை விண்டோஸின் லோடரைக் கேட்காமல் கையாலேயே மெமரியில் பரப்பி, தலையை அழித்திருக்கிறார்கள். அதனால்தான் டிஎல்எல் பட்டியலில் அதன் பெயர் இல்லை. பெயரே இல்லாததைப் பட்டியலில் தேடி என்ன பயன்?

ஐந்து பைட்

புகுந்த கோட் சும்மா உட்கார்ந்திருந்தால் எடை மாறாது. யாராவது அதைக் கூப்பிட வேண்டும். போர்ட்டிலிருந்து எடை வரும் வழி ரீட்ஃபைல் ஃபங்ஷன். விண்டோஸ் 10-இல் கெர்னல்32 என்ற விண்டோஸ் டிஎல்எல்லில் இருக்கும் ரீட்ஃபைல் வெறும் தாவல். எஃப்எஃப் 25 என்று தொடங்கி கெர்னல்பேஸ் என்ற இன்னொரு டிஎல்எல்லில் இருக்கும் அசலுக்கு அனுப்பிவிடும். தலையில் தாவல் இருந்தாலே ஹூக் (ஃபங்ஷனின் ஓட்டத்தை இடைமறித்து வேறிடம் திருப்பும் கொக்கி) என்று எழுதிய ஸ்கேன் புரோகிராம்கள் இங்கே தடுக்கி விழும். அசல் ஃபங்ஷனின் தலையைத்தான் பார்க்க வேண்டும்.

அது 77121280-இல் இருந்தது. அங்கே கிடந்த ஐந்து பைட்: இ9 13 21 64 89. இ9 என்றால் தூரம் சொல்லித் தாவு. தூரம் தலைகீழாக எழுதப்படும், ஆகவே 89642113. தாவலுக்கு அடுத்த முகவரியான 77121285-ஓடு இதைக் கூட்டி, 32 பிட்டுக்கு மேல் வழிவதைத் தள்ளினால் 00763398. ஏழு பக்கப் பகுதிக்குள் நான்காவது பக்கம். ஹூக்கும் அதன் வீடும் ஒரே கூட்டலில் இணைந்துவிட்டன.

அங்கிருந்து பிரித்துப் படித்தால் கதை நேரானது. முதலில், அழித்த ஐந்து பைட்டைத் தனியே வைத்திருந்து ஓட்டி, 77121285-க்குத் தாவி அசல் ரீட்ஃபைலை வேலை செய்ய விடுகிறது. திரும்பியதும் படித்ததில் 02-இல் தொடங்கி 03-இல் முடியும் 8 பைட்டைத் தேடுகிறது. கிடைத்தால் ஹெக்ஸ் 91 என்ற எண்ணோடு, பட்டனின் நிலையைச் சொல்லும் கெட்கீஸ்டேட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. 91 என்பது ஸ்க்ரோல் லாக். கீபோர்டில் யாரும் தொடாத பட்டன் அது. விளக்கு எரிந்தால் 120 கூட்டி இலக்கங்களைத் திருப்பி எழுதுகிறது. அணைந்திருந்தால் ஒன்றும் செய்வதில்லை. சோதனை எடைக்கல்லை ஏற்றியபோதெல்லாம் மேடை யோக்கியமாக நடந்துகொண்டது இதனால்தான்.

தோற்ற சோதனைகள்

திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) பட்டியலைப் பார்ப்பது வழக்கமான யோசனை. ஒவ்வொரு திரெட்டும் எந்த முகவரியில் தொடங்கியது என்று விண்டோஸ் சொல்லும். அது எந்த ஃபைலிலும் இல்லாத முகவரியானால் சந்தேகம். இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த திரெட் ஹூக்கைப் போட்டுவிட்டு அப்போதே முடிந்துபோய்விட்டது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அது பிறக்கும் நொடியில் பிடிக்க வேண்டும். புரோகிராமிலேயே டிஎல்எஸ் கால்பேக் என்ற வகை ஃபங்ஷன் ஒன்றை வைத்தால், புதுத் திரெட் ஒவ்வொன்றும் தொடங்குமுன் அது கூப்பிடப்படும். ஆனால் திரெட்டை உருவாக்கும்போதே அந்த அழைப்பைத் தவிர்க்கச் சொல்லும் கொடி ஒன்று கீழ்மட்ட ஃபங்ஷனில் உண்டு. இதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

டிஎல்எல் ஏறும்போது சேதி சொல்லும் வசதியும் விஸ்டாவிலிருந்து இருக்கிறது. கையால் பரப்பியதற்கு அதுவும் செவிடு.

புரோகிராமுக்குள் என்ன வைப்பது

தயாரித்தவர் கையில் மூலக் கோட் இருந்ததால் சோதனையை உள்ளேயே வைக்க முடிந்தது. முதல் யோசனை, புரோகிராம் தொடங்கியதும் இயங்கும் பகுதிகளைப் படம்பிடித்து வைத்து, பிறகு புதிதாக வந்ததைக் காட்டுவது. இது தப்பு. புகுபவர் நமக்கு முன்னாலேயே வந்துவிட்டால் அவரும் குடும்பப் புகைப்படத்தில் நிற்பார். ஒவ்வொரு பகுதியும் தன் பட்டாவைக் காட்ட வேண்டும் என்ற விதிதான் வேண்டும். முதல் நாள் வந்தவர், இரண்டாம் நாள் வந்தவர் என்ற பேதம் கூடாது.

இரண்டாவது சோதனை, பட்டா இருக்கும் நிலத்திலும் யாராவது வரப்பை வெட்டியிருக்கிறார்களா என்பது. ஹூக் விழுந்த கெர்னல்பேஸ் பக்கத்தின் வகை இப்போதும் 1000000தான். முதல் சோதனை அதைக் கண்டுகொள்ளாது. புகுபவர் தனியார் பகுதியே வைக்காமல், முறைப்படி ஏறிய டிஎல்எல் ஒன்றின் மேலேயே தன் கோட் எழுதிவிட்டாலும் அதே கதிதான். இதற்கு மலிவான வழி குவெரிவொர்க்கிங்செட்எக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன். டிஎல்எல்லின் கோட் பக்கங்களை எல்லாப் புரோகிராமும் பங்கிட்டுக்கொள்ளும். யாராவது ஒரு பைட் எழுதினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப் பிரதி உருவாகி, பங்கு என்ற பிட் 1-லிருந்து 0 ஆகும். 4,096 பைட்டுக்கு ஒரு பிட் பார்த்தால் போதும். ஃபைலைத் திறக்கவே வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு: பக்கம் அப்போது ராமில் இல்லாவிட்டால் தகவல் செல்லாது. கேட்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட் படித்துத் தொட்டுவிட வேண்டும்.

இந்தப் பிட் பொய் சொல்லும் இடமும் இருக்கிறது. பழைய டெல்ஃபியில் இஎக்ஸ்இக்கும் டிஎல்எல்லுக்கும் விருப்ப முகவரி (மெமரியில் ஏற விரும்பும் இடம்) ஒன்றே, 00400000. இந்தப் புரோகிராமோடு வந்த சீரியல் போர்ட் டிஎல்எல்லும் டெல்ஃபியில் செய்தது. இஎக்ஸ்இ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டதால் டிஎல்எல் வேறிடம் போனது. லோடர் அதன் முகவரிகளைத் திருத்தியது. திருத்திய பக்கம் எல்லாம் தனிப் பிரதியானது. முதல் ஓட்டத்தில் பல பக்கம் அலறியது இதனால்தான். பிட் 0 என்பதைச் சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை டிஸ்க்கோடு பைட் பைட்டாக ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

ஒப்பிடுவதில்தான் நேரம் அதிகம் போனது. டிஸ்க்கில் இருக்கும் கோட் விருப்ப முகவரிக்கு எழுதியது; மெமரியில் இருப்பது வேறிடத்தில். இடம் மாறினால் எங்கெங்கே திருத்த வேண்டும் என்று சொல்லும் ரீலொக்கேஷன் அட்டவணையில் பக்கத்துக்கு ஒரு தொகுதி இருக்கும். அதில் ஒவ்வொரு பதிவும் 16 பிட், மேல் 4 பிட் வகை, கீழ் 12 பிட் பக்கத்துக்குள் இடம். வகை 3 என்றால் அந்த 4 பைட்டில் வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். விருப்பம் 10000000, ஏறியது 77000000 என்றால் கூட்ட வேண்டியது 67000000. இதுவரை புத்தகப் பாடம். புத்தகத்தில் எளிதில் கிடைக்காதது இது: ஏஎஸ்எல்ஆரால் (ஏறும் முகவரியை விண்டோஸ் குலுக்கி மாற்றும் பாதுகாப்பு ஏற்பாடு) இடம் மாறிய டிஎல்எல்லின் தலையில் விருப்ப முகவரி என்ற இடத்தையே விண்டோஸ் மெமரியில் திருத்திவிடுகிறது. மெமரித் தலையைப் படித்து வித்தியாசம் கணக்கிட்டால் பூஜ்யம் வரும். எந்தத் திருத்தமும் நடக்காது. ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் ஹூக் இருப்பதாகத் தெரியும். விருப்ப முகவரியை டிஸ்க் ஃபைலிலிருந்தே எடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கும் காவல் புரோகிராம் 64 பிட்டானால் இன்னொரு குழி. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் கெர்னல்பேஸ். எடைப் புரோகிராமுக்குள் இருப்பது சிஸ்வாவ்64-இலிருந்து வந்த 32 பிட் பிரதி. தப்பான ஃபைலைத் திறந்தால் ஒரு வரிகூடப் பொருந்தாது.

ஆன்டிவைரஸ்களைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மேடைக்கு மேடை ஆன்டிவைரஸ் வேறு. சில, தாங்களே என்டிடிஎல்எல் என்ற விண்டோஸ் டிஎல்எல்லில் ஹூக் போடும். பெயர்ப் பட்டியல் வைத்து விலக்கு தந்தால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு யாரும் வரலாம். ஆகவே தாவலைப் பின்தொடர்ந்து போக வேண்டும், ஐந்து தாவல் வரை. கடைசியில் ஃபைல் உள்ள பகுதியில் இறங்கி, அந்த ஃபைலுக்குச் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு விட்டுவிடலாம். தனியார் மெமரியிலேயே முடிந்தால் சீட்டு அச்சாகாது.

சோதனையை எப்போது ஓட்டுவது? நொடிக்கு ஒரு முறை ஓட்டுவது வீண். உபயோகிக்காத நேரத்தில் இயங்கும் உரிமையைக் கழற்றி வைத்து ஒளிந்துகொள்ளும் கோடும் உண்டு. பொழுதுபோகாமல் சுற்றும் சோதனை அதைத் தவறவிடும். ஆனால் எடை படிக்கும் நொடியில் ஹூக் போய் இறங்கும் இடம் இயங்கியே ஆக வேண்டும். ஆகவே ஆபரேட்டர் எடையைச் சேமிக்கும் பட்டனை அழுத்தியதும், கடைசியாகப் படித்த அதே சுற்றிலேயே, ரீட்ஃபைலுக்கு முன்னும் பின்னும் ஒரு முறை சோதனை ஓடுகிறது. சில நூறு பகுதிகளைச் சுற்றிவருவதை லாரி டிரைவர் உணரப்போவதில்லை.

அலறினால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். புரோகிராமை உடனே மூடினால் தடயம் ராமோடு போய்விடும். முதலில் முழு மெமரியையும் டம்ப் ஃபைலாக எழுதி, சீட்டு எண்ணையும் நேரத்தையும் குறித்து, அதன் பிறகுதான் நிறுத்த வேண்டும். வாசலில் பத்து வண்டி நிற்கும்போது வீணாக ஒரு முறை அலறினால் போதும், இரண்டாம் நாளே யாராவது அந்தச் சோதனையை அணைக்கச் சொல்வார்கள். சந்தேகங்களுக்குக் குறிப்பும் உறுதியானதற்கு மட்டும் தடையும் என்று பிரித்தது அதற்காகத்தான்.

ஒரே வீட்டில் காவலும் திருடனும்

உள்ளே இருக்கும் சோதனை, திருடனோடு ஒரே வீட்டில் வாழும் காவலாளி. அடுத்த பதிப்பில் புகுபவர் விர்ச்சுவல்குவெரி மேலேயே ஹூக் போட்டு, ஏழு பக்கத்தைக் காலி இடம் என்று சொல்ல வைக்கலாம். ஆகவே அதே சோதனையை வேறு கணக்கில் ஓடும் விண்டோஸ் சர்வீஸ் ஒன்றும் வெளியிலிருந்து செய்கிறது. அதற்குப் படிக்கும் அனுமதியும் தகவல் கேட்கும் அனுமதியும் போதும். உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்றால் அந்த முரணே சாட்சி.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை ஒன்று இருந்தது. எடைப் புரோகிராமும் ஆபரேட்டரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தார்கள். பிரிண்டர் ஒத்துழைக்கவில்லை என்று எப்போதோ அப்படி மாற்றி, அப்படியே விட்டது. அட்மினுக்கு சர்வீஸை நிறுத்த ஒரு நிமிடம் போதும். ஆபரேட்டருக்குச் சாதாரணக் கணக்கு, எடைப் புரோகிராமுக்குத் தனிக் கணக்கு என்று பிரித்ததும், முன்பு போல வெளியிலிருந்து புரோகிராமைத் திறந்து எழுதும் அனுமதியே ஆபரேட்டர் கணக்கில் ஓடும் எதற்கும் கிடைக்காமல் போனது. கண்டுபிடிப்பதைவிட இதுதான் பெரிய வேலை. செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உள்ளே அனுப்பியது யார் என்பதை, கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிவு செய்யும் சிஸ்மான் கருவி காட்டியது. அதை நிறுவி, பழைய கணக்கிலேயே ஒரு முறை கம்ப்யூட்டரைத் திறந்தபோது எண் 8 நிகழ்வு, அதாவது வேறு புரோகிராமில் திரெட் உருவாக்கியது, பதிவானது. தொடக்க ஃபங்ஷன் என்ற இடம் காலி. சாதாரண டிஎல்எல் திணிப்பானால் அங்கே லோட்லைப்ரரியின் பெயர் நிற்கும். அனுப்பிய ஃபைல், லாகின் ஆனதும் தானே ஓடும் பட்டியலில் பிரிண்டர் உதவிப் புரோகிராம் போலப் பெயர் வைத்து உட்கார்ந்திருந்தது. எடைப் புரோகிராமின் விண்டோ திறக்கும் வரை காத்திருந்து, வேலை முடிந்ததும் வெளியேறிவிடும். டாஸ்க் மேனேஜரில் எப்போது பார்த்தாலும் அது இல்லை.

திரும்பப் பெற முடியாதது பழைய சீட்டுகள். டேட்டாபேஸில் இருப்பது மாற்றிய பிறகான எடை மட்டும். எந்தச் சீட்டில் 120 ஏறியது, எதில் ஏறவில்லை என்று பிரிக்க வழியில்லை. கேபிள் கிளையில் கேட்ட அந்த மூன்று நாள் மட்டுமே ஆதாரம். அந்தக் கிளை இப்போது நிரந்தரமாகிவிட்டது. இண்டிகேட்டர் அனுப்பும் 8 பைட்டும் தனிப் பெட்டி ஒன்றில் நேரத்தோடு பதிவாகிறது. இரவில் அன்றைய சீட்டுகளோடு ஒப்பிடப்படுகிறது. அந்த 8 பைட்டை எடைப் புரோகிராமே சேமித்துக்கொள்ளலாமே என்று முதலில் ஒரு யோசனை வந்தது. ரீட்ஃபைலைத் தாண்டி அதன் கைக்கு வந்து சேர்வதே 023985 என்பதால் அது அங்கேயே கைவிடப்பட்டது.